முப்பத்தெட்டாம் நம்பர் வீடு

முப்பத்தேழாவது படம் வரைக்கும் பார்த்துவிட்டாள். அடுத்ததைத் தட்டத்தான் விரல் வரவில்லை.

அவளுக்கு எழுபத்திரண்டு வயது.

மகள் வான்மதிதான் ஆவணக் காப்பகத்தின் இணையப் பக்கத்தைத் திறந்து கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போயிருந்தாள். அணை கட்டும் முன்னால், தண்ணீருக்குள் போகவிருந்த ஊரில் சர்க்கார் ஆட்கள் வீடு வீடாக எடுத்த படங்கள். வாசலில் குடும்பத்தை நிறுத்தி, வீட்டு நம்பர் எழுதிய சிலேட்டு ஒன்றைக் கையில் கொடுத்திருந்தார்கள். கூடவே ஒரு பதிவேடு.

அடேயப்பா! தேர் நிற்கிறது. சேந்துகிணறு இருக்கிறது. இத்தனை வருஷமாக மீன் திரிகிற தெருவில் சுள்ளென்று வெயில் அடிக்கிறது!

அவள் பிறந்த ஊர். அவள் பார்க்காத ஊர்.

பார்க்காதது ஊர் மட்டுமில்லை. பெற்றவளையும்தான். இவளுக்கு ஒரு வயசு நிறையும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள் அந்த மகராசி. ஒரு படம் கிடையாது. எப்படி இருப்பாள் என்று எத்தனை முறை கேட்டாலும், "உன்னாட்டமேதான் இருப்பா" என்று சொல்லியே அப்பாவும் காலத்தை ஓட்டிவிட்டார்.

பதிவேட்டில் அவர்கள் வீடும் இருந்தது: நம்பர் 38. சென்னியப்பன், வயது 29. மனைவி நாச்சம்மாள், 21. பெண் குழந்தை, ஐந்து மாதம்.

அப்புறம் என்ன தயக்கம்?

இதுவரை பார்த்த படங்களில் ஒரு பெண்ணுக்கும் முகம் இல்லை.

ஒருத்தி முந்தானையை இழுத்துப் போர்த்தியிருந்தாள். ஒருத்தி முதுகைக் காட்டி நின்றாள். ஒருத்தி புருஷன் தோளுக்குப் பின்னால் பதுங்கியிருந்தாள். போட்டோ பிடித்தால் ஆயுசு குறையும். அந்தக் காலத்தில் அதை நம்பாத பெண்பிள்ளை யார்?

ஆத்தா, நீ மட்டும் மூடித் தொலைத்திராதே.

"வந்து உண்டுட்டுப் பாரும்மா. படம் எங்கயும் ஓடிப் போயிராது" என்றாள் வான்மதி உள்ளே இருந்து.

தட்டினாள்.

சிலேட்டுடன் அப்பா. பக்கத்தில் ஒருத்தி.

முகம்!

பெரிதாக்கினாள். திரை முழுக்க அந்த முகம்தான். ஏறுநெற்றி. கன்னத்தில் இரண்டு அம்மைத் தழும்பு. கேமராக்காரனை ஒரு கை பார்த்துவிடுகிற மாதிரி ஒரு முறைப்பு.

அப்பா சொன்னது சுத்தப் பொய். இவளைப் போலத் துளியும் இல்லை. எத்தனை அழகு! தன் பேத்தியைவிடச் சின்னப் பெண். மூச்சு விடவும் பயமாக இருந்தது அவளுக்கு.

ஊரே மூடிக்கொண்டபோது ஆத்தாளுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது இந்தத் துணிச்சல்? ஒருவேளை நம்பாதவளோ?

சரி, குழந்தை எங்கே? படத்தைக் கீழே நகர்த்தினாள்.

கையில்தான் இருந்தது. முந்தானை மொத்தமும் அதன் தலையைச் சுற்றியிருந்தது. தனக்கென்று ஒரு சாண் துணி மிச்சம் வைக்கவில்லை. அதுவும் போதாமல், துணிக்கு மேல் ஐந்து விரலையும் விரித்துப் பொத்திப் பிடித்திருந்தாள்.

வான்மதி மறுபடி கூப்பிட்டாள்.

அவள் எழுந்திருக்கவில்லை. படத்தை மெல்ல மேலே கொண்டுவந்தாள். கையை நீட்டி, அந்தச் சின்னப் பெண்ணின் முகத்தை மூடினாள்.