ஒரு நிமிட முகம்

திலகவதி அம்மாள் ஒரு நிமிடத்தில் எத்தனை முறை இமைக்கிறார் என்று தினமும் எண்ணி எழுதுவது, அந்த முதியோர் இல்லத்தில் செவிலி செலினின் வேலை. கத்தாமல் இருப்பதற்காகக் கொடுத்த மாத்திரை, இரண்டு வருடத்தில் கத்தலோடு முகத்தையும் துடைத்துவிட்டிருந்தது. சிரிப்பில்லை, சுளிப்பில்லை, இமைகூட நிமிடத்துக்கு மூன்று முறைதான் விழுந்தது. மாத்திரையைப் பாதியாக்கிய டாக்டர், “ஒரு மாசம் பார்ப்போம். அப்பவும் மாறலைன்னா முகம் இப்படியே நின்னுடலாம்” என்றார். “சும்மா கெடக்கிறவங்கள எதுக்கு சிஸ்டர் கிளப்பிவிடுறீங்க?” என்று ஆயா பொன்னுத்தாய் முணுமுணுத்தாள். செலின் எண்ணினாள். மூன்று. மூன்று. ஒருநாள் நான்கு. ஒரு முகத்தை முழு நிமிடம் விலகாமல் பார்ப்பது இவ்வளவு நீளமானது என்று அவளுக்குத் தெரியாது. கட்டிய கணவனைக்கூட அவள் அப்படிப் பார்த்ததில்லை. டாக்டர் சொன்ன மாதத்தின் கடைசி நாளன்று ஏழு, எட்டு என்று போய்க்கொண்டிருந்த இமைகள் சட்டென்று நின்றன. அப்போது இடது புருவம் மெல்ல மேலேறியது. நெற்றியில் ஒரு கோடு விழுந்தது, அதன் கீழே இன்னொன்று. உதட்டோரம் கோணியது. எங்கோ வெகுதொலைவிலிருந்து நடந்தே வந்ததுபோல் ஒரு கோபம் அங்கே வந்து உட்கார்ந்தது.

“என்னடி வெறிச்சு வெறிச்சுப் பாக்குற? என் மூஞ்சில என்ன படமா ஓடுது?”

நிமிடம் எப்போதோ முடிந்திருந்தது.

“அம்மா, இன்னும் கொஞ்சம் திட்டுங்கம்மா.”

“போடி பைத்தியக்காரி” என்ற திலகவதி அம்மாளின் கன்னத்தில், சிரிப்பா சுளிப்பா என்று இன்னும் தீர்மானமாகாத ஏதோ ஒன்று அசையத் தொடங்கியது.