வெள்ளைத்தாய் கால்பந்து அணி

ஆட்டம் முடிவதற்குள் பதில் சொல்வதாகப் பெத்தணன் ஒப்புக்கொண்டிருந்தார்.

கையெழுத்துப் போட வேண்டிய தாள் சட்டைப் பையில் நான்காக மடிந்து கிடந்தது.

சிவகாசி மைதானத்தில் அன்று விருதுநகர் அணியும் மதுரை அணியும் ஆடின. நாற்காலி போட்ட பக்கம் லட்சுமிகாந்தம் அவருக்காக ஓர் இடம் பிடித்து வைத்திருந்தார். புதிதாகத் தொடங்கப்போகும் சிவகாசி கிளப்புக்கு லட்சுமிகாந்தம்தான் செயலாளர்.

பெத்தணன் நாற்காலிப் பக்கம் போகவில்லை. உட்கார்ந்து அவர் ஒருநாளும் ஆட்டம் பார்த்ததில்லை. மேற்கு வெயிலுக்குத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, மூலைக் கொடிக்குப் பின்னால், தீப்பெட்டி ஆபீஸ் ஆட்களோடு ஆளாக நின்றார். அங்கே அவரை யாரும் முதலாளி என்று கூப்பிடுவதில்லை.

பதினாலு வயதில், மதுரையில், பூட்ஸ் போட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்களை வெறுங்காலோடு ஆடிய பதினோரு பேர் ஜெயித்ததைப் பார்த்தவர். அன்று பிடித்த பித்து. நாற்பது வருஷமாக, அறுப்பு நடந்தாலும் சரி, தீபாவளி சீசன் லோடு ஏறினாலும் சரி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவரை மைதானத்தில்தான் தேட வேண்டும்.

சம்பளம் கொடுத்து ஆட வைக்கும் அணி ஒன்று சிவகாசிக்கு வரப்போகிறது. சென்னையில் ஐந்து பேர், பெங்களூரில் மூன்று பேர் பேசி முடித்தாயிற்று. பங்குதாரர் நாலு பேர். பெரிய பங்கு பெத்தணனுடையது. மல்லாங்கிணற்றில் கரிசல் நிலமும் விஸ்வநத்தத்தில் வெடிக் கம்பெனியும் வைத்திருந்தவருக்கு அது பெரிய காரியமில்லை.

பெயர்தான் பெரிய காரியம்.

பெரிய பங்கு போடுகிறவர் தன் வீட்டுப் பெயரை வைக்க வேண்டும். இந்தப் பக்கத்து வழக்கம் அது. பெயரைக் கொடுக்கத் தயங்கினால், அவருக்கே தொழிலில் நம்பிக்கை இல்லை என்று அர்த்தம். மற்ற மூன்று பேரும் விலகிவிடுவார்கள். அதனால் லட்சுமிகாந்தம் தாளிலேயே பெயரையும் எழுதிக்கொண்டு வந்திருந்தார்: வெள்ளைத்தாய் கால்பந்து அணி.

வெள்ளைத்தாய், பெத்தணனின் அம்மா.

புருஷன் செத்த மூன்றாம் மாதம் நிலத்தைக் கேட்டு வந்த கொழுந்தன்மாரை வாசலோடு அனுப்பிவிட்டு, தானே கலப்பை பிடித்தவள். அவள் போய் எட்டு வருஷமாகியும் மல்லாங்கிணற்றில் அந்தப் பெயரை யாரும் குரல் உயர்த்திச் சொன்னதில்லை. வெடிக்கட்டு லேபிளில் அவள் படத்தைப் போடலாம் என்றார் அச்சாபீஸ்காரர். வெடித்த காகிதம் தெருவில் மிதிபடும் என்று மறுத்து, கிளிப் படம் போட்டார் பெத்தணன்.

சட்டையில் போட்டால் மிதிபடாது. நெஞ்சில் இருக்கும். பதினோரு பேர் நெஞ்சில் அம்மாவின் பெயரோடு மைதானத்துக்குள் ஓடி வருவதை இரண்டு நாளாக அவர் நினைத்து நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது ஓரத்தில் யார் ஆடுவது என்பதுகூட மனசுக்குள் முடிவாகியிருந்தது.

எதிரே ஆடிய விருதுநகர்க்காரர்களின் சட்டைகளில் 'இருளம்மாள்' என்று இருந்தது. அந்த அணியின் முதலாளி சண்முகவேல் முன்வரிசை நாற்காலியில் இருந்தார். இருளம்மாள் அவரைப் பெற்றவள்.

மதுரைக்காரன் உதைத்த பந்து மெதுவாகத்தான் உருண்டு வந்தது. விருதுநகர் கோலி குனிவதற்குள் அவன் கால்களுக்கு நடுவே புகுந்து போய்விட்டது.

கூட்டத்திலிருந்து ஒரு குரல் மைதானத்தின் மறுகோடி வரை கேட்டது.

"ஏலே, இருளம்மா ஒனக்குப் பால் குடுக்காம வித்துத் தின்னுட்டாளாலே? குனியக்கூடத் தெம்பில்லையே!"

"அந்தக் காசுலதாம்லே கிளப்பே நடக்கு!" என்று இன்னொருவன் எடுத்துக் கொடுத்தான்.

மைதானமே சிரித்தது. கோலியும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான்.

சண்முகவேல் சிரிக்கவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. மேல்துண்டை எடுத்து, வியர்க்காத முகத்தைத் துடைத்தார். பிறகு மறுபடியும் துடைத்தார்.

பெத்தணன் அதைப் பார்த்தார். ஆட்டம் நடக்கும்போது பந்தைத் தவிர வேறொன்றை அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மீதி ஆட்டத்தில் யார் எத்தனை கோல் போட்டார்கள் என்பது அவருக்குத் தெரியாது.

எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்தபோது, லட்சுமிகாந்தம் பேனா மூடியைக் கழற்றிக்கொண்டே வந்தார். பெத்தணன் தாளைப் பிரிக்காமல் அப்படியே நீட்டினார்.

"பங்குத் தொகையத் தாரேன். பேரு வேண்டாம்" என்றார். லட்சுமிகாந்தம் காதைப் பக்கத்தில் கொண்டுவந்துதான் அதைக் கேட்க வேண்டியிருந்தது.

"பேரு இல்லாட்டி மத்தவுக வரமாட்டாகளே அண்ணாச்சி. எட்டுப் பேருக்கும் வர வேண்டாம்னு நாளைக்கே தந்தி அடிக்கணுமே."

பெத்தணன் தாளை அவர் கையில் திணித்தார்.

"புட்பாலு புட்பாலுன்னு உசுர விடுவீக. எவனோ ஒரு காலிப்பய கத்துனதுக்காகவா இப்படி? அங்கனதான நின்னீக, ஆளக் காட்டுங்க. இனி இந்த மைதானத்துப் பக்கமே அவன அண்டவிடமாட்டோம்."

பெத்தணன் தலையிலிருந்த துண்டை எடுத்து உதறினார். வெகுநேரம் உதறினார்.

"கூட்டம்னா அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி ராக்காயி வெந்நீரில் மிளகும் பனங்கற்கண்டும் தட்டிப் போட்டுக் கொண்டுவந்தாள். அவர் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் கொடுப்பதுதான்.

"இன்னைக்கு எவன் ஆத்தாள வஞ்சு தொண்டையக் கட்டிக்கிட்டு வந்தீக?"

வழக்கமாக அவர் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார். அன்று தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருளம்மாள் என்ற பெயரைச் சொல்ல வாய் வரவில்லை.