பழைய துண்டு

"தங்கச்சி, இதையும் கெதியாய்ச் சுரண்டித் தாங்கோ. மகன் பள்ளிக்கூடத்தால வரப்போறான்." வீட்டிலிருந்து கொண்டுவந்த போத்தலைப் புஸ்பராணி நீட்டினாள்.

டிஸ்பென்சரி வாசல் வாங்கில் உட்கார்ந்திருந்த நஜ்முன் நிஸா, அதில் ஒட்டியிருந்த பழைய இருமல் மருந்தின் அளவுக் கடதாசித் துண்டைத் தண்ணீரில் நனைத்தாள்.

"உள்ளுக்குக் கழுவினால் காணாதோ? முழங்காலுக்குப் பூசுற தைலந்தானே வாங்கப்போறன்."

"காணாது அக்கா."

மருந்து ஊற்றும் ஞானசேகரத்திடம் போய்ப் புஸ்பராணி சிரித்தாள். "நல்ல பிடிவாதக்காரியைத்தான் வேலைக்குப் பிடிச்சிருக்கிறியள். ஊர் கிண்ணியாவோ?"

"ஓம். ஆனா அவ வேலையாள் இல்லை." அவர் குரலைத் தாழ்த்தினார். "தன்ர மூட்டு நோவுக்கு இப்பிடித்தான் வீட்டுப் போத்தலில தைலம் வாங்கிக்கொண்டு போனவ. அதில ஒட்டியிருந்த பழைய இருமல் மருந்துத் துண்டை நானும் கவனிக்கேல்லை. அவவின்ர பிள்ளை இருமுதெண்டு தகப்பன் அந்தத் துண்டிலை இருந்த அளவுக் கோட்டைப் பார்த்து, அளவு பிசகாமல் தைலத்தைப் பருக்கினவர். பிள்ளை தப்பேல்லை."

நஜ்முன் நிஸா துடைத்த போத்தலை வெளிச்சத்தில் பிடித்து ஒருதரம் பார்த்தாள். பிறகு கொண்டுவந்து புஸ்பராணியின் கையில் கொடுத்தாள்.

"மகனுக்கு இருமல் இருக்கா அக்கா?"