சிவப்புத் துணி கட்டிய கம்பு

வெள்ளாயணி ஏரிக்கரை வயலில் அறுப்பு மிஷின் உறுமிக்கொண்டு நிற்கிறது. மேற்கே மழை மேகம் கறுத்துக்கொண்டு வருகிறது. விளைந்த நெல்லுக்கு நடுவே ஒரு கானாங்கோழி கூடு கட்டி ஐந்து முட்டை இட்டிருக்கிறது. பறவைகளைக் காக்கும் அமைப்பிலிருந்து வந்திருக்கும் ஷிஜி, கூட்டைச் சுற்றி ஒரு கட்டில் அளவு நெல்லை மட்டும் அறுக்காமல் விடும்படி வயல்காரி சுசீலாபாயைச் சம்மதிக்க வைத்திருக்கிறாள். டிரைவர் பேச்சிமுத்துவுக்கு இடம் தெரியட்டும் என்று கூட்டருகே ஷிஜியே நட்ட கம்பின் நுனியில் சிவப்புத் துணி படபடக்கிறது. வரப்பில் தாய்க்கோழி வாலை வெட்டி வெட்டி நடக்கிறது. கூட்டுக்குப் போகவும் இல்லை, விலகிப் போகவும் இல்லை. சுசீலாபாய் வானத்தைப் பார்க்கிறாள், மிஷினைப் பார்க்கிறாள், முந்தானையை இழுத்து இழுத்துச் செருகுகிறாள். "சட்டுன்னு அறுக்கச் சொல்லு பிள்ளே. மழை விழுந்தா அம்புட்டும் சாஞ்சு போவும்." ஷிஜி கை காட்டப் போகிற நேரம், ஒரு காகம் வந்து அந்தக் கம்பில் உட்காருகிறது. தலையைச் சாய்த்துக் கீழே பார்க்கிறது. ஷிஜியின் தூக்கிய கை அப்படியே நிற்கிறது. சுசீலாபாய்தான் ஓடுகிறாள், தன் கதிரையே மிதித்துக்கொண்டு. காகம் எழும்புகிறது. அவள் கம்பைப் பிடுங்கி வரப்பில் எறிகிறாள். "காக்காய்க்கு நீயே காட்டிக் குடுத்துட்டியே, பிள்ளே!" காகம் போய்விடவில்லை, பக்கத்துத் தென்னையில் உட்கார்ந்து கரைகிறது. "எக்கா, கம்பு இல்லாம கூடு எங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று பேச்சிமுத்து மிஷின் மேலிருந்து கத்துகிறான். இடுப்பளவு நெல்லுக்குள் சுசீலாபாய் அசையாமல் நிற்கிறாள். முதல் துளி அவள் தோளில் விழுகிறது.

"நான் நிக்கது தெரியுதுல்லா? என்னைச் சுத்தி அறு."