அடைப்பை அளக்க வந்த கொக்கு

நகரத்துக் கால்வாய் ஒன்றில், பாலத்துக்கு அடியில் பிளாஸ்டிக் பைகள் சேர்ந்து தண்ணீர் ஓடாமல் நின்றுபோனது. அங்கே குடியிருந்த தவளையின் தலைப்பிரட்டைக் குஞ்சுகள் மூச்சு முட்டித் தவித்தன.

"யாராவது வாங்களேன்!" என்று தவளை கத்தியது.

கொக்கு ஒன்று பறந்து வந்தது. "கவலைப்படாதேம்மா, இதற்காகத்தான் வந்திருக்கிறேன்" என்று காலை விட்டு ஆழம் பார்த்தது. பிறகு நிறம் பார்த்தது. அங்கங்கே நின்று நாற்றமும் பார்த்தது.

"ஐயா, அந்தப் பெரிய பையை இழுத்துவிட்டாலே போதுமே! உங்களுக்குத்தான் நீளமான அலகு இருக்கிறதே?"

"பிரச்சினை எவ்வளவு பெரிதென்று முதலில் தெரிய வேண்டாமா? அவசரப்பட்டால் எப்படி?"

அதற்குள் வெயில் தாங்காத எருமை ஒன்று தொப்பென்று கால்வாயில் இறங்கியது. கொம்பில் சிக்கிய பைகளை அது உதறியதும், அடைப்பு பிய்ந்து தண்ணீர் சலசலவென்று ஓடியது. குஞ்சுகள் வாலை ஆட்டிக்கொண்டு நீந்தின. தவளை சந்தோஷத்தில் துள்ளிக் குதித்தது.

கொக்குக்கு எருமைமேல் வந்ததே கோபம்!

"பாதி அளக்கும்போது கெடுத்துவிட்டாயே! அடுத்த பாலத்திலும் அடைப்பு இருக்கிறதாம், அங்கே போகிறேன். நான் முடிக்கும்வரை நீ அந்தப் பக்கம் குளிக்க வரக்கூடாது, சொல்லிவிட்டேன்!"