உன்னாலதான் இளைச்சா

"எல்லாம் உன்னாலதான் மாப்ள. குண்டா இருந்தப்போகூட என் தங்கச்சி பம்பரமா சுத்திட்டிருந்தா. இப்போ பாரு, நாலு படி ஏறறதுக்குள்ள கைப்பிடியைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறா."

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். மனதில் பட்டதை மறைக்கத் தெரியாதவன். ஆஸ்பத்திரி பெஞ்சின் மறுகோடியில், கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் அவள் கணவன் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். இருவருக்கும் நடுவில் அவள்.

"அண்ணா, மெதுவாப் பேசு. நர்ஸ் பாக்குறாங்க."

"பாக்கட்டும். வயித்தை வெட்டிக்கிட்டு இளைக்கணும்னு உனக்கென்ன தலையெழுத்து? யாருக்காகப் பண்ணினே, இவனுக்காகத்தானே? இவன் கண்டிப்பா வேணாம்னு சொல்லியிருந்தா நீ அந்த ஆபரேஷன் பக்கமே போயிருக்க மாட்டே."

"சொன்னேன் மச்சான்," என்றான் கணவன். "உங்க தங்கச்சி யார் பேச்சைக் கேட்டிருக்கா?"

"சொன்ன லட்சணம்தான் தெரியுதே."



அவளுக்கு ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடும் வேலை. போன வருடம் இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷன் செய்துகொண்டாள். எடை மளமளவென்று இறங்கியது. கூட வேலை செய்பவர்கள் அவளைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்கள். அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள் வலி ஆரம்பித்தது. முதலில் இடுப்பு, அப்புறம் தொடை எலும்பு. படுக்கையில் புரண்டு படுக்கவே பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. பெட்ஷீட் கூடையைத் தூக்க முடியாமல் ஒருநாள் அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எங்க சித்திக்கு எலும்புல கேன்சர் வந்தப்போ இப்படித்தான் ஆரம்பிச்சுது" என்று பக்கத்து மேஜைக்காரி சொல்லிவைக்க, அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று.

"எலும்புல பெரிசா ஏதாவது இருந்தா, இவ்வளவு பாடுபட்டு இளைச்சதெல்லாம் வீணாப் போயிடுமே," என்றாள் மெல்ல.

"உசுரே ஊசலாடுது, இவளுக்கு இளைச்சது வீணாப் போற கவலை," என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான்.

உள்ளே கூப்பிட்டார்கள். மூவருமே போனார்கள். டாக்டரம்மா ரிப்போர்ட்டை மேலும் கீழும் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"பயப்பட ஒண்ணுமில்லை. கட்டி, கிட்டி எதுவும் கிடையாது. வைட்டமின் டி தான் அதல பாதாளத்துல கிடக்கு."

அவளுக்குச் சட்டென்று பிடிபடவில்லை. "வைட்டமினா? அதுக்கா டாக்டர் இந்த வலி?"

"அது இல்லாட்டி நீங்க சாப்பிடற கால்சியம் எலும்புக்குப் போய்ச் சேராது. இரைப்பையைச் சின்னதாக்கிட்டோம், சாப்பாடு குறைஞ்சுபோச்சு, சத்தும் கூடவே குறையும். அதுக்குத்தான் மாத்திரை எழுதிக் கொடுத்தேன். போட்டீங்களா?"

அவள் கணவனைப் பார்த்தாள். கணவன் சுவரைப் பார்த்தான்.

"முதல்ல போட்டேன் டாக்டர். அப்புறம்... எடைதான் இறங்கிடுச்சே, இனிமே எதுக்குன்னு விட்டுட்டேன்."

"நிறைய பேர் செய்யற தப்பு இது. வெயில்ல நடமாட்டம் உண்டா?"

"வேலை பேஸ்மெண்ட்ல. விடியறதுக்கு முன்னாடி உள்ளே போனா இருட்டினப்புறம்தான் வெளியே."

"சரியாப் போச்சு. சூரியனோட சண்டையா?"

அவள் சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அண்ணன் பெரிதாக மூச்சு விட்டு, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"உங்க ரெண்டு பேரை நெனச்சுப் பயந்தே எனக்கு ஏதாவது வந்துடும் போல," என்றவன், மைத்துனனின் தோளில் கை வைத்தான். "வாய் நீண்டுடுச்சு மாப்ள. மனசுல வெச்சுக்காத."

"விடுங்க மச்சான். உங்க இடத்துல நான் இருந்தா இன்னும் ரெண்டு போட்டிருப்பேன்."

டாக்டரம்மா மாத்திரைகளை எழுதினார். "வைட்டமின் டி வாரம் ஒண்ணு, சாப்பிட்ட உடனே. கால்சியம் தினமும், இரும்புச்சத்து மாத்திரையோட சேர்த்துப் போடாதீங்க. சீக்கிரம் ஏறணும்னு நீங்களா அளவைக் கூட்டக் கூடாது, அதுவும் கெடுதல். அளவு சரியானப்புறமும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. இது ஆயுசுக்கும்."

"அவ வலி போயிடுமா டாக்டர்?" என்று கேட்டான் கணவன். "அது போதும். எனக்கு வேற எதுவும் வேணாம்."

"நீங்க சும்மா இருங்க," என்று அவனை அடக்கிவிட்டு அவள் முன்னால் நகர்ந்தாள். "அளவு ஏறிடுச்சுன்னா எதுக்கும் தடை இருக்காதே டாக்டர்?"

"வைட்டமினால ஒரு தடையும் இருக்காது. மூணு மாசம் கழிச்சு ரத்தம் பார்ப்போம். எல்லாம் சரியா இருந்தா நாள் குறிச்சிடலாம்."

அவள் கண்களை மூடித் திறந்தாள். பல நாளாக நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தது இறங்கியது போலிருந்தது.

டாக்டரம்மா கணவன் பக்கம் திரும்பினார். "அதுவரைக்கும் நீங்க டயாலிசிஸுக்குத் தவறாம வாங்க. இந்த எடையில கிட்னி எடுக்க முடியாதுன்னு நாங்க திருப்பி அனுப்பினதும், உங்களுக்குக் கொடுத்தே தீருவேன்னு இளைச்சுட்டு வந்து நிக்கறாங்க இவங்க."