எடுத்துவிட்ட ஒரு வரி

"இது வேணாம். எடுத்துடலாம்" என்று சொல்லிக்கொண்டே ஹேமலதா அந்த வரியை எடுத்தேவிட்டாள்.

வெற்றிச்செல்வி நாற்காலியிலிருந்து முன்னால் எட்டிப் பார்த்தாள். 'அரசு ஆதிதிராவிடர் நல மேல்நிலைப் பள்ளி' என்று அவள் ஊர்ப் பெயரோடு இருந்த இடம், திரையில் வெள்ளையாகக் கிடந்தது.

அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வேலை தேடுகிறவர்களும் கொடுக்கிறவர்களும் கூடுகிற இணையதளத்தில் அவளுக்கும் ஒரு ப்ரொஃபைல் இருந்தது. ஆனால் யார் கண்ணிலும் படவில்லை. அதை எடுப்பாக மாற்றித்தரச் சொல்லித்தான் செந்துறையிலிருந்து இரண்டு பஸ் மாறிப் பெரம்பலூருக்கு வந்திருந்தாள். அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் லேபில் ஆறு வருடமாக கான்ட்ராக்ட் வேலை. இந்த மாதத்தோடு அதுவும் முடிகிறது.

துறையூர் ரோட்டில் செல்போன் கடைக்கு மேல் மாடியில் ஹேமலதாவின் ஆபீஸ். முப்பத்தைந்து வயதிருக்கும். மடிப்புக் கலையாத காட்டன் புடவை, போனில் பேசினால் சரளமான இங்கிலீஷ். வெறுமனே 'லேப் அசிஸ்டென்ட்' என்று இருந்ததை அடித்துவிட்டு, 'ஆறு வருடம், முப்பதாயிரம் சாம்பிள், ஒரு ரிப்போர்ட்கூடத் தப்பானதில்லை' என்று அவள் மாற்றியபோது வெற்றிச்செல்விக்கே தன்மேல் ஒரு மரியாதை வந்தது.

அதற்குள் இது.

"ஏன் மேடம் எடுத்தீங்க?"

"காலேஜ்லேருந்து ஆரம்பிப்போம்மா. ஸ்கூலெல்லாம் யாரும் போடுறதில்ல."

"எங்க லேப் விக்கிக்குப் போன வாரம் நீங்கதான எழுதிக் குடுத்தீங்க? அவன் ஸ்கூல் பேரு இருக்கே. கான்வென்ட்டு."

ஹேமலதா மவுஸை நகர்த்தினாள்.

"கான்வென்ட்டுன்னா இருக்கலாம். எங்க ஸ்கூல்னா இருக்கக் கூடாது. அப்படித்தான?"

"குரலை ஒசத்தாதம்மா. கீழ கடையில ஆளுங்க இருக்காங்க."

"கேக்கட்டும். நல்லா கேக்கட்டும்."

ஹேமலதா நாற்காலியை அவள் பக்கம் திருப்பினாள். "பிராக்டிகலா சொல்றேன். இன்டர்வியூ எடுக்கிறவன் மேலேருந்து படிச்சுக்கிட்டே வருவான். இந்த வரியில கண்ணு நிக்கும். ஒரு செகண்டுதான். அதுக்கப்பறம் அவன் கேக்குற கேள்வியே வேற. உனக்கு வேலை வேணுமா, வேணாமா?"

வேண்டும். அதுதான் கோபத்தை இன்னும் கிளறியது. கடைசியாகப் போன இன்டர்வியூவில் ஒருவர் அந்த வரியைப் படித்துவிட்டு "ஓ" என்றார். அதற்குப் பிறகு நாலு நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள்.

"ஊரு பேரைச் சொன்னா, ஊர்ல எந்தத் தெருன்னுதான் அடுத்து கேப்பாங்க. நீங்க கேக்கல. பரவால்லயே, நல்ல மனுஷின்னு நெனச்சேன். கேக்க வேண்டிய அவசியமே இல்லாம ஸ்கூல் பேரை வெச்சே தெரிஞ்சுக்கிட்டீங்க போல."

"அதில்லம்மா..."

"வேற என்ன? எங்கப்பா ஊரான் முந்திரிக் காட்டுல கூலிக்குக் கொட்டை பொறுக்குனாரு. என்னை ஆளாக்குனது அந்த ஸ்கூலு. அதைத் தூக்கிப் போட்டுட்டு மிச்சத்தை வெச்சா, அதுல நான் எங்க மேடம் இருக்கேன்?"

"இந்தக் கோவத்தை வெச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது. அந்த ஏரிக்கரை ஸ்கூல்லேருந்து எத்தனை பேரு இவ்வளவு தூரம் வந்திருப்பீங்க? வந்தவங்களாவது மேல போகணும்ல? அதுக்குத்தான் சொல்றேன்."

"ஒளிச்சு வெச்சுட்டுத்தான் மேல போகணும்னா, எனக்கு அந்த மேலே வேணாம்."

வெற்றிச்செல்வி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். "கீழ போர்டுல என்ன எழுதி வெச்சிருக்கீங்க? தனியாத் தெரியணுமா, வாங்கன்னு. வந்தா, தெரியாம இருக்கத்தான் சொல்லித் தர்றீங்க. உங்களுக்கென்ன மேடம். நீங்க படிச்ச ஸ்கூல் பேரைச் சொன்னா எவன் மொகமும் மாறப் போறதில்ல."

ஹேமலதாவின் கை மவுஸின் மேலேயே நின்றது. கீழே அரும்பாவூர் பஸ் ஒன்று ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு போனது. அந்தச் சத்தம் ஓய்ந்தபிறகு அவள் திரைப்பக்கம் திரும்பினாள். இரண்டு மூன்று இடத்தில் தட்டினாள். பிறகு டைப் அடிக்கத் தொடங்கினாள், ஒவ்வொரு எழுத்தாக, அழுத்தி.

வாசல்வரை போன வெற்றிச்செல்வி திரும்பிப் பார்த்தாள். அவளுடைய பள்ளிக்கூடத்தின் பெயர் திரையில் மறுபடி வந்துகொண்டிருந்தது. ஊர்ப் பெயர்வரை சரியாக இருந்தது. ஆனால் பக்கத்தின் உச்சியில் இருந்த போட்டோ இவளுடையது இல்லை. திட்டு வாங்கிய பதற்றத்தில் இந்த அம்மா தன்னுடைய பக்கத்தையே திறந்து வைத்துக்கொண்டு அடிக்கிறாள்.

இதைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியவில்லையே என்று இன்னும் எரிச்சல் வந்தது.

"மேடம், பக்கம் மாறிப்போச்சு. அது உங்க ப்ரொஃபைலு."

"தெரியும். நானும் அங்கதான் படிச்சேன்."